காற்று எந்தப் பக்கம்? இடிமுகிலைப் படம் எடுப்பது பற்றி

ஐப்பசி பிறந்தால் போதும், யாழ்ப்பாணத்தில் கமரா வைத்திருக்கிற எல்லோரும் மின்னலைத் துரத்தத் தொடங்கிவிடுவார்கள். நல்லூர்க் கோபுரத்துக்குப் பின்னால் ஒரு மின்னல், கோட்டை மதிலுக்கு மேல் ஒரு மின்னல், மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஒரு மின்னல். நன்றாகத்தான் இருக்கும், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் படங்களில் முகிலைத் தேடினால் கிடைக்காது. கறுத்த வானம், நடுவில் ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். அந்தக் கோட்டைப் போட்ட முகில் எவ்வளவு உயரம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதற்குள் காற்று எந்த வழியால் போய் எந்த வழியால் வெளியே வருகிறது என்று ஒன்றும் தெரியாது. எனக்கு வேண்டியது அதுதான். மின்னல் விழுந்தால் சந்தோசம், விழாவிட்டாலும் நட்டமில்லை.

அண்மையில் நான் எடுத்த ஒரு படத்தை, யாழ்ப்பாணக் கடல்நீரேரிக்கு மேலே போகிற பண்ணைப் பாலத்தடியில் நின்று எடுத்தது, தெற்கேயிருந்து வளைந்து வரும் நீளமான கறுத்த முகில் விளிம்பு, யாரோ எடுத்து "யாழில் சூப்பர்செல்!" என்று தலைப்புப் போட்டு வட்ஸ்அப்பில் அனுப்ப, அது ஊரெல்லாம் சுற்றிக் கடைசியில் என் அம்மாவின் போனுக்கே வந்து சேர்ந்தது. "தம்பி, இதென்னடா, சூறாவளியோ? காயப்போட்ட உடுப்பெல்லாம் எடுக்கவோ?" என்று கேட்டா. உடுப்பை எடுக்கச் சொன்னேன். ஆனால் அது சூப்பர்செல் இல்லை. சூப்பர்செல் என்றால் உள்ளே ஏறுகிற காற்றே சுழன்றுகொண்டு, மணிக்கணக்கில் நிற்கிற பெரிய இடிமுகில். ஏன் இல்லை என்று சொல்லத்தான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளும்.

முதலில் எங்களுக்கு மேல் வருகிற சாதாரண இடிமுகிலைப் பார்ப்போம். சித்திரைச் சிறுமாரி என்று பெரியவர்கள் சொல்கிற மழையும், ஐப்பசியில் பின்னேரங்களில் முழங்கிக்கொண்டு வருகிற மழையும் பெரும்பாலும் இந்த வகைதான். வெக்கையான ஈரக்காற்று மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து நீராவி துளியாக மாறும், மாறும்போது வெப்பத்தை வெளியே விடும், அந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ளும். துளிகள் பெருத்துப் பாரமாகி விழத் தொடங்கும்போதுதான் சிக்கல். எந்தக் காற்று மேலே ஏறி முகிலுக்குச் சாப்பாடு போடுகிறதோ அந்தக் காற்றுக்குள்ளேயே மழை விழுகிறது. மழை காற்றை இழுத்துக்கொண்டு விழும், வழியில் கொஞ்சம் ஆவியாகி அதைக் குளிரவும் வைக்கும். குளிர்ந்த காற்று தரையில் அடித்து நாலாபக்கமும் பரவி, கீழேயிருந்து வரும் வெக்கைக் காற்றை அறுத்துவிடும். தன் மழையே தன்னைக் கொல்கிறது. முக்கால் மணி நேரம், மிஞ்சினால் ஒரு மணி நேரம், ஆட்டம் முடிந்துவிடும். இதைக் கண்டுபிடித்தவர்கள் சும்மா தரையில் நின்று பார்த்தவர்கள் இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946 இல் புளோரிடாவிலும் 1947 இல் ஒகையோவிலும், ஹொரஸ் பயர்ஸும் ரொஸ்கோ பிரஹாமும் நடத்திய ஆய்வில் போர் விமானங்களை வெவ்வேறு உயரத்தில் இடிமுகிலுக்கு உள்ளேயே ஓட்டவிட்டு அளந்தார்கள். ஓட்டியவர்களின் துணிச்சலை என்னவென்று சொல்ல!

சரி, சூப்பர்செல்லுக்கு வருவோம். மழை விழுகிற இடமும் காற்று ஏறுகிற இடமும் வேறு வேறாக இருந்தால் அந்த முகில் தன்னைத் தானே கொல்லாது. அதற்குத் தரைக்குப் பக்கத்தில் அடிக்கிற காற்றும் மேலே அடிக்கிற காற்றும் வேகத்திலும் திசையிலும் நன்றாக வேறுபட வேண்டும். தரையிலிருந்து 6 கிலோமீற்றர் உயரம் வரைக்குள் அந்த வேறுபாடு செக்கனுக்கு 20 மீற்றர் அளவில் இருந்தால் சூப்பர்செல் உருவாக வாய்ப்பு நன்றாக இருக்கிறது என்று பொதுவாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். மேல்காற்று மழையைத் தள்ளிக்கொண்டு போய் வேறோர் இடத்தில் கொட்டும், காற்று ஏறுகிற வாசல் திறந்தபடியே இருக்கும். இது பாதிக் கதை. மீதி, சுழற்சி.

கீழே மெல்லிய காற்றும் மேலே வேகமான காற்றும் அடிக்கும்போது நடுவில் உள்ள காற்று தரைக்குக் கிடையாக உருளுகிறது. சுருட்டிய ஓலைப்பாயொன்று தரையில் உருண்டு போவதாக வைத்துக்கொள்ளுங்கள். மேலேறும் காற்று அந்தப் பாயை நடுவில் பிடித்துத் தூக்கினால் அது இரண்டு கால் வைத்ததுபோல் வளைந்து நிற்கும், உருண்டது இப்போது நின்றபடி சுழலும், ஒரு கால் ஒரு பக்கமாக, மற்றக் கால் எதிர்ப்பக்கமாக. அதனால்தான் சில இடிமுகில்கள் இரண்டாகப் பிரிந்து ஒன்று வலப்பக்கமும் மற்றது இடப்பக்கமும் போகின்றன. உயரம் போகப் போகக் காற்றின் திசையும் கடிகாரம் சுற்றுகிற பக்கமாகத் திரும்பினால் வலப்பக்கம் போகிறதுதான் பலக்கும். இப்படி ஏறுகிற காற்றே சுழன்று, அந்தச் சுழற்சி நிலைத்து நின்றால் அதுதான் சூப்பர்செல். சுழலும் பகுதிக்கு மீசோசைக்குளோன் என்று பெயர். நல்ல சூப்பர்செல் மணிக்கணக்கில் நிற்கும், அமெரிக்காவில் ஒன்றிரண்டு மாநிலத்தைக் கடந்துபோகிறதும் உண்டு. அந்தப் பெயரை 1960களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் கீத் பிரௌனிங் என்ற ஆங்கிலேயர். 1959 ஜூலை 9 அன்று இங்கிலாந்தில் வோக்கிங்ஹம் பக்கம் ஆலங்கட்டியாகக் கொட்டிய ஓர் இடிமுகிலை ராடரில் ஆராய்ந்ததிலிருந்து தொடங்கியது அது. எல்லாரும் நினைப்பதுபோல் கதை அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் மட்டும் நடக்கவில்லை.

பிறகு ஏன் இங்கே இல்லை? ஈரமும் வெக்கையும் எங்களிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. இல்லாதது காற்று வேறுபாடு. சித்திரையில் தரையிலிருந்து மேலே வரை எல்லா உயரத்திலும் காற்று சோம்பலாகவே கிடக்கும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை கீழே சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, வீசும், மிக உயரத்தில் கிழக்கேயிருந்து வேகமான காற்றோட்டம் ஒன்று ஓடும், கீழும் மேலும் எதிரெதிர். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த வேகம் பெரும்பாலும் மிக உச்சியில், 14, 15 கிலோமீற்றரில் இருக்கிறது. பாயை உருட்ட அது கீழேயே வேண்டும். இதே வங்காள விரிகுடாவின் தலைப்பக்கம் போனால் நிலைமை வேறு. பங்களாதேசத்தில் பங்குனி சித்திரையில் கீழே கடலிலிருந்து வரும் தெற்குக் காற்று, மேலே மேற்கிலிருந்து வரும் வேகக் காற்று, இரண்டும் சேர்ந்து உண்மையான சூப்பர்செல்களைக் கிளப்பும். 1989 ஏப்ரல் 26 அன்று மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் தௌலத்பூர், சட்டூரியாவைத் துடைத்துப்போட்ட ரொர்னாடோ (முகிலடியிலிருந்து தரை வரை இறங்குகிற சுழல்காற்று) அப்படி வந்ததுதான், ஏறத்தாழ 1,300 பேர் செத்தார்கள் என்று கணக்கு. உலகத்திலேயே ஒரு ரொர்னாடோவில் ஆகக்கூடப் பேர் செத்தது அதில்தான்.

ஆக, சூப்பர்செல் வேண்டுமென்றால் யாழ்ப்பாணம் சரிவராது. ஆனால் இடிமுகில் ஒன்றை முழுசாகப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. மலை இல்லை, குன்று இல்லை, உயர்ந்த கட்டடமும் இல்லை. பண்ணையில் நின்றால் தெற்கே கடல்நீரேரி, அதற்கு அங்கால் பூநகரி, அதற்கும் அங்கால் வன்னி. இரண்டு பக்கக் கடற்காற்றும் உள்ளே போய் முட்டுகிற பின்னேரங்களில் கிளிநொச்சி, மாங்குளம், வவுனியாவுக்கு மேல் முகில் எழும்புகிறதை மூன்று மணிக்கே பார்க்கலாம். புரட்டாதி இரவுகளில் காங்கேசன்துறைப் பக்கமோ காரைநகர் கசூரினாக் கடற்கரையோ போனால் வடக்கே கோடியக்கரைக்கு மேல் மின்னுகிறது தெரியும். நேர்கோட்டில் 60 கிலோமீற்றருக்குள்தான். காங்கேசன்துறையில் எங்கே நிற்பது என்று மட்டும் பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். படைமுகாம் பக்கத்தில் ட்ரைபொட்டை விரித்தால் நான் முகிலைத்தான் எடுக்கிறேன் என்று விளங்கப்படுத்திக்கொண்டே இரவு போய்விடும்.

தூரம்தான் எல்லாம். கையை முழுசாக நீட்டி முட்டியைப் பொத்திப் பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. எங்கள் பக்கத்து இடிமுகில் ஒன்று 15 கிலோமீற்றர் உயரத்துக்குச் சாதாரணமாகப் போகும், பயணிகள் விமானம் பறக்கிற உயரத்தையும் தாண்டி. அது வவுனியாவுக்குக் கொஞ்சம் இங்கால், 100 கிலோமீற்றரில் நின்றால் அடிவானத்திலிருந்து 8 பாகைதான், ஒரு முட்டிக்குள் அடங்கிவிடும். தலை பளிச்சென்று தெரியும், ஆனால் அடிப்பாகம் பூமியின் வளைவிலும் புழுதியிலும் காணாமல் போய்விடும். 50 கிலோமீற்றரில், கிளிநொச்சிக்கு மேல் நின்றால் ஒன்றரை முட்டிக்குக் கொஞ்சம் கூட, அடியும் தெரியும் தலையும் தெரியும். என்னைக் கேட்டால் இதுதான் சரியான தூரம். 15 கிலோமீற்றருக்குள் வந்துவிட்டால் 45 பாகைக்கு மேல் அண்ணாந்து பார்க்க வேண்டும். அப்போது தலை போய்விடும், அடிப்பாகம் மட்டும்தான் உங்களுக்கு. தலைக்கு மேல் வந்துவிட்டால் படம் எடுக்க ஒன்றுமே இல்லை, ஓடிப்போய் எங்கேயாவது உள்ளே இருங்கள்.

ஒன்றரை முட்டித் தூரத்தில் என்னென்ன தெரியும்? தலை, தட்டையாகப் பக்கவாட்டில் இழுபட்டுக் கிடக்கும், அதுதான் அன்வில். வளிமண்டலத்தின் மூடியில் முட்டி அதற்கு மேல் போக முடியாமல் பரவியது. அது எந்தப் பக்கம் நீண்டிருக்கிறதோ மேல்காற்று அந்தப் பக்கம் போகிறது. ஆவணியில் எங்கள் அன்வில்கள் மேற்கே இழுபடும், கீழே காற்று மேற்கிலிருந்து வந்துகொண்டிருக்கும்போதே. அன்வில்லின் நடுவில் ஒரு குமிழ் மூடியையும் உடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தால் அதற்கு நேர் கீழேதான் காற்று ஆகப் பலமாக ஏறுகிறது. அது சில நிமிடத்தில் அமிழ்ந்துபோனால் சாதாரண முகில், கால் மணி நேரம் தாண்டியும் அப்படியே நின்றால் விசயம் வேறு. பக்கச் சுவர் முண்டு முண்டாக, ஓரம் கூராக இருக்கும்வரை முகில் வளர்கிறது. ஓரம் நார்நாராகக் கலையத் தொடங்கினால் பனித்துகளாகிவிட்டது, கிழடு தட்டிவிட்டது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று கூராக எழும்புகிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் எழும்பும். எங்கள் பக்கத்தில் ஒரு முகில் மூன்று மணி நேரம் நின்றதாகத் தோன்றினால் அது ஒன்றல்ல, பிள்ளையும் பேரனுமாகச் சேர்ந்து நின்றது.

கீழே பார்த்தால் இரண்டு வகையான அடி இருக்கும். ஒன்று மழை விழுகிற அடி, சாம்பல் திரை. மற்றது மழையே இல்லாத, தட்டையான கறுத்த அடி. அந்த இரண்டாவதுதான் வாசல். படத்தில் இந்த இரண்டும் வர வேண்டும், இரண்டுக்கும் நடுவில் உள்ள எல்லைக்கோடு வர வேண்டும். அதுதான் என் ஒரே விதி, மற்றதெல்லாம் அலங்காரம்.

கிளிநொச்சியில் எனக்கொரு நண்பன் இருக்கிறான், பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. முகில் அந்தப் பக்கம் எழும்பினால் நான் பண்ணையிலிருந்து அவனுக்குப் போன் அடிப்பேன். "மச்சான், காத்து எந்தப் பக்கமடா?" இதைத் தவிர வேறொன்றும் கேட்க மாட்டேன். ஒருநாள் நான் இங்கேயிருந்து பார்க்கும்போது முகில் அவனுக்குத் தெற்கே, இன்னும் கூரான ஓரத்தோடு ஏறிக்கொண்டிருந்தது. "காத்து தெற்க போகுதடா, புழுதியும் சருகும் எல்லாம் அங்காலதான் இழுபடுது, வெக்கை தாங்கேல்லை" என்றான். முகில் காற்றை உள்ளே இழுக்கிறது. இன்னும் நேரம் இருக்கிறது என்று நான் ட்ரைபொட்டைச் சரிசெய்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவனே போன் எடுத்தான். பின்னால் தென்னோலைச் சத்தம் கேட்கிறது, யாரோ பெண்குரல் யன்னலைச் சாத்தச் சொல்லிக் கத்துகிறது. "இப்ப தெற்கயிருந்து வடக்க அடிக்குது, ஐஸ் மாதிரிக் காத்து, மழை இன்னும் வரேல்லை" என்றான். முகில் மூச்சை வெளியே விட்டுவிட்டது. நான் கமராவில் பார்க்கிறேன், சாம்பல் திரையின் இந்தப் பக்கம் தரையோடு ஒட்டி ஒரு மெல்லிய கறுத்த விளிம்பு உருவாகி வடக்கே நகர்கிறது. அந்த நிமிடத்தை ராடர் காட்டாது. எங்களுக்குப் பக்கமான டொப்ளர் ராடர் காரைக்காலில் இருக்கிறது, இந்திய வானிலைத் துறையின் தளத்தில் யாரும் பார்க்கலாம், நானும் தினம் பார்க்கிறேன். ஆனால் அதன் ஆகத் தாழ்ந்த அலைக்கற்றையே யாழ்ப்பாணத்தை எட்டும்போது தரையிலிருந்து 2 கிலோமீற்றருக்கு மேல் போய்விடும், கிளிநொச்சியில் இன்னும் உயரம். தரையில் காற்று திரும்பியதை என் நண்பன்தான் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்குப் போன படம் இந்த விளிம்பு வளர்ந்து பாலத்தடிக்கு வந்த ஒன்று. இதை ஷெல்ஃப் கிளவுட் என்பார்கள். மழையால் குளிர்ந்த காற்று வெளியே பாய்ந்து, எதிரே உள்ள வெக்கைக் காற்றைத் தூக்கி எறியும்போது அந்த விளிம்பில் உருவாகிறது. பார்க்கப் பயங்கரமாக இருக்கும், அடுக்கடுக்காக வளைந்து வரும், ஆனால் அது வெளியே போகிற காற்றின் வேலை. சூப்பர்செல்லின் கையெழுத்து வோல் கிளவுட். அது உள்ளே போகிற காற்றின் வேலை. மழையில்லாத அடியிலிருந்து ஒரு கட்டி கீழே இறங்கித் தொங்கும், மெல்லச் சுழலும், மழைப் பக்கமிருந்து வரும் ஈரக்காற்றும் சேர்ந்து ஏறுவதால் அடி அங்கே தாழ்ந்து கிடக்கும். படத்தை மட்டும் பார்த்து இரண்டையும் மாற்றிச் சொல்கிறவர்கள் ஏராளம், நின்று பார்த்தவன் மாற்ற மாட்டான். முகத்தில் குளிர்காற்று முகில் பக்கமிருந்து அடித்தால் ஷெல்ஃப். பிடரியில் வெக்கைக் காற்று பட்டு முகிலை நோக்கிப் போனால் அப்போது வோல் கிளவுட்டைத் தேடலாம். அதனால் படத்துக்குக் கீழே நான் எப்போதும் மூன்று விசயம் எழுதுவேன்: நேரம், எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது, காற்று எங்கேயிருந்து எங்கே.

கனடாவில், கல்கரியில் இருக்கிற பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணா முறை, இதெல்லாம் கேட்டுக் கேட்டு இப்போது தானும் எடுக்கிறார். அந்த நகரம் ஆலங்கட்டிக்குப் பேர்போனது. 2020 ஜூன் 13 அன்று ஒரே பின்னேரத்தில் விழுந்த ஆலங்கட்டிக்குக் காப்புறுதி நிறுவனங்கள் 100 கோடி டொலருக்கும் மேல் கட்டவேண்டி வந்தது. போன கோடையில் அண்ணா நகரத்துக்கு வெளியே வயல்வெளிப் பக்கம் காரை ஓரமாக விட்டு மேற்கே பார்த்து எடுத்த படமொன்றை அனுப்பியிருந்தார். வலப்பக்கம் வெள்ளையடித்த மாதிரி அடர்ந்த திரை, அது ஆலங்கட்டி. இடப்பக்கம் மழையே இல்லாத அடி, அதற்குக் கீழே மஞ்சள் வெளிச்சம், தூரத்தில் ஒரு களஞ்சியம். அடிக்கு மேலே முகிலின் உடல் முழுக்கச் சுற்றிச் சுற்றி வரிகள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. எங்கள் முகில் ஒன்றிலும் அந்த வரிகளை நான் கண்டதில்லை. சுழன்று ஏறுகிற காற்று சீராக வழுக்கிக்கொண்டு போனால்தான் அப்படி வரும். இடது ஓரத்தில் படிப்படியாக உயர்ந்துகொண்டு வந்து நடுத்தூணோடு சேர்கிற சின்னச் சின்னத் திரள்முகில்கள். எல்லா உறுப்பும் இருந்த இடத்தில் இருந்தது. "அண்ணை, காத்து?" என்று கேட்டேன். "முதுகில அடிச்சுது, தொப்பி முகிலுக்குப் பறந்திட்டுது" என்றார். அந்தத் தொப்பியைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

படங்களை இப்படி உறுப்புறுப்பாக வாசிக்கலாம் என்று காட்டியவர் ஒரு ஜப்பானியர், தெட்சுயா ஃபுஜிட்டா. 1957 ஜூன் 20 அன்று அமெரிக்காவின் ஃபார்கோ நகரத்தை ஒரு ரொர்னாடோ தாக்கியது. ஊர்ச்சனங்கள் சும்மா எடுத்து வைத்திருந்த நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் திரட்டி, ஒவ்வொன்றும் எங்கே நின்று, எந்த நேரத்தில், எந்தத் திசையில் எடுத்தது என்று தேடிப் பிடித்து, கோணம் அளந்து, அந்த முகிலையே திரும்பக் கட்டினார். வோல் கிளவுட் என்ற பெயரே அந்த ஆய்வில் அவர் வைத்ததுதான். ஒரே ஒரு நல்ல படத்தைவிட, நேரமும் இடமும் தெரிந்த பத்துச் சுமாரான படம் பெறுமதியானது என்று நான் பிடிவாதமாகச் சொல்கிறதற்கு அந்த மனுசன்தான் காரணம். அவருடைய கதையே தனி. 1945 ஓகஸ்ட் 9 அன்று கொக்குரா நகரத்தில் போடக் கொண்டுவந்த அணுகுண்டு, முகிலும் புகையும் இலக்கை மறைத்ததால் நாகசாகிக்குப் போனது. கொக்குராவுக்குப் பக்கத்துக் கல்லூரியில் அப்போது படிப்பித்துக்கொண்டிருந்தவர் ஃபுஜிட்டா. பிறகு குண்டு விழுந்த இடங்களை ஆராயப் போனபோது மரங்கள் ஒரு புள்ளியிலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தார். 30 வருடம் கழித்து, இடிமுகிலிலிருந்து விழுகிற காற்றும் அப்படித்தான் மரத்தைச் சாய்க்கும் என்று நிறுவினார். எங்கள் ஊரில் "மினி சூறாவளி" என்று செய்தி வருகிற நாட்களில் வாழைத்தோட்டத்தைப் போய்ப் பாருங்கள். எல்லா வாழையும் ஒரே பக்கம், அல்லது ஒரு புள்ளியிலிருந்து வெளிப்பக்கமாக, படுத்திருந்தால் அங்கே ஒன்றும் சுழலவில்லை, மேலேயிருந்து விழுந்த காற்றுத்தான்.

கமராப் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். தூரத்து முகிலுக்கு அகன்ற லென்ஸ் வேண்டாம், 50 தொடங்கி 100 மில்லிமீற்றர் போதும், அகன்றதில் எடுத்தால் 15 கிலோமீற்றர் உயரத் தூண் கோலிக்குண்டளவில் நிற்கும். கிட்ட வந்த பிறகு 18 அல்லது அதற்கும் கீழே. பகலில் வெளிச்சத்தை முகிலின் ஆக வெள்ளையான தலைக்கு அளந்து, அதிலும் கொஞ்சம் குறைத்து எடுங்கள், தலை வெளிறிப்போனால் பிறகு எந்த மென்பொருளாலும் அந்த முண்டுகளை மீட்க முடியாது. கமரா சுருக்காமல் விடுகிற ரோ கோப்பாகவே வையுங்கள். ஆக நல்ல வெளிச்சம் பின்னேரம் ஐந்தே காலுக்குப் பிறகு, சூரியன் மேற்கே தாழ்ந்து, தென்கிழக்கே நிற்கும் முகிலுக்குப் பக்கவாட்டில் அடிக்கிற நேரம். ஐப்பசியில் ஆறு மணிக்கே பொழுது பட்டுவிடும், பிந்தாதீர்கள். இருட்டின பிறகு பலரும் ஷட்டரை 30 செக்கன் திறந்து வைக்கிறார்கள். மின்னல் விழும், சரி, ஆனால் அதற்குள் முகில் நகர்ந்து ஓரமெல்லாம் பஞ்சாகிவிடும். நான் ஐஎஸ்ஓ 400 இல், 6, 8 செக்கனாக, நிறுத்தாமல் தொடர்ந்து எடுக்கிறேன். முகிலுக்கு உள்ளேயே மின்னுகிற ஒரு மின்னல் வந்தால் தலை, கழுத்து, அடி எல்லாம் ஒரே நொடியில் வெளிச்சமாகும், அந்தப் படம்தான் எனக்கு வேண்டியது. நீண்ட நேரப் படத்தில் வருகிற புள்ளிகளைக் குறைக்கிற கமரா வசதியை நிறுத்திவிடுங்கள், அது ஒவ்வொரு படத்துக்கும் பிறகு அதே அளவு நேரம் கமராவைக் கட்டிப்போடும். பண்ணையில் உப்புக்காற்று, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை லென்ஸைத் துடைக்காவிட்டால் எல்லா வெளிச்சத்தையும் சுற்றி வட்டம் வரும்.

கமரா இல்லாதவர்களுக்கு: போனிலுள்ள டைம்லாப்ஸ் போதும், உண்மையில் கமராவைவிட அது நல்ல வாத்தியார். போனை மதிலில் சாய்த்து அரை மணி நேரம் விட்டுவிட்டுப் பிறகு பாருங்கள். கண்ணுக்கு அசையாமல் நின்ற முகில் எங்கே கொப்பளிக்கிறது, எங்கே கலைகிறது, எந்தப் பக்கம் புது முகிலைப் பெறுகிறது என்று அப்படியே தெரியும். சுழல்கிறதா என்ற சந்தேகமும் அதிலேதான் தீரும். கீழ்த்துண்டு ஒரு பக்கமும் மேல்துண்டு மறுபக்கமும் போனாலே கண்ணுக்குச் சுழல்வதாகத் தோன்றும். ஒரே துண்டு முன்னால் வந்து, வளைந்து, பின்னால் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

படத்தைத் திருத்துகிறதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. மென்பொருளில் மங்கலை நீக்குகிற அந்த ஸ்லைடரை முழுசாக வலப்பக்கம் தள்ளினால் எந்த மாலை முகிலும் உலக முடிவாக மாறிவிடும். மழைத்திரைக்கும் வாசலுக்கும் நடுவில் இருந்த மெல்லிய வித்தியாசம் முதலில் சாகும். ஒரு மணி நேர மின்னலையெல்லாம் ஒரே படத்தில் அடுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அடுக்கட்டும், ஆனால் அடுக்கினது என்று எழுதட்டும்.

பாதுகாப்பு. மின்னல் தெரிந்து 30 செக்கனுக்குள் முழக்கம் கேட்டால் அது 10 கிலோமீற்றருக்குள் இருக்கிறது, மூட்டை கட்டுங்கள். பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் நீங்களும் உங்கள் ட்ரைபொட்டும்தான் ஆக உயரம். மோட்டார் சைக்கிள் பாதுகாப்பில்லை, பனைக்குக் கீழே நிற்கிறது அதைவிட மோசம், கண்ணாடி ஏற்றின கார் அல்லது கட்டடம்தான். மழையே இல்லாத இடத்திலும், அன்வில்லுக்குக் கீழே நீல வானம் தெரிகிற ஓரத்திலும் மின்னல் விழும். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் மழைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. 2013 மே 31 அன்று ஒக்லஹோமாவின் எல் ரேனோவில் 4 கிலோமீற்றருக்கு மேல் அகலமான ரொர்னாடோ மழைத்திரைக்குள் மறைந்து, திசை மாறி வந்து, ரொர்னாடோக்களைத் துரத்தி ஆராய்ந்த ரிம் சமராஸ், அவருடைய மகன், கூட்டாளி கார்ல் யங் மூவரையும் கொன்றது. அந்தத் தொழிலில் ஆகக் கவனமானவர் என்று பெயர் எடுத்தவர் சமராஸ். ஒன்றரை முட்டித் தூரம் என்று நான் சொல்வது அழகுக்காக மட்டும் இல்லை.

இந்த ஐப்பசிக்கு எனக்கு வேண்டியது இன்னும் இரண்டு இடம். மன்னார்ப் பக்கம் ஒருவர், முல்லைத்தீவுப் பக்கம் ஒருவர். பண்ணை, கிளிநொச்சி, அந்த இரண்டு என்று நாலு இடத்திலிருந்து ஒரே முகிலை ஒரே நேரத்தில் எடுத்தால் கோணத்தை வைத்து அதன் உயரத்தையும் நிற்கிற இடத்தையும் வரைபடத்தில் போட்டுவிடலாம், ஃபுஜிட்டா செய்த அதே வேலை, போனில் திசைகாட்டி இருப்பதால் அவரைவிட இலகு. பெரிய கமரா தேவையில்லை. பின்னேரம் மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை வெளியே வந்து நிற்க முடிந்த ஆளாக இருந்தால் போதும். கமராவில் எடுக்கிறவர்கள் மட்டும் அதன் மணிக்கூட்டைப் போனோடு செக்கன் வரை சரிபார்த்துவிட்டு வாருங்கள், கமரா மணிக்கூடுகள் மாதத்துக்குச் சில செக்கன் ஓடிவிடும்.